மைஐடிபி: கச்சான் காற்றில் நிரப்பிய படிவம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எதை வாங்கினாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மைஐடிபி இலவசம். மின்னஞ்சல் முகவரி கொடுத்து ஒரு கணக்குத் திறந்தால் போதும். 'சயன்ஸ்' சஞ்சிகையை வெளியிடுகிற அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 2012 இல் இதை இணையத்தில் போட்டது. கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பவர்களும், பட்டம் முடித்து இன்னொருவருடைய ஆய்வுகூடத்தில் வேலை பழகுகிற போஸ்ட்டொக்குகளும், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று உட்கார்ந்து யோசிப்பதற்கான ஒரு கருவி. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்த ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வாய்ப்புற்றுநோயில் வேலை செய்கிறவள். எங்கள் சின்ன மாமா திருகோணமலைத் திருக்கடலூரில் கரைவலை இழுத்தவர். வாயில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. கன்னத்துக்குள் வந்த புண்ணை ஒரு வருடமாகச் சூட்டுப்புண் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுகிற புற்றுநோய் இதுதான். புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும், ஏன் தனிப் பாக்கும்கூட, புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் முதலாம் குழுவில் போட்டது. அந்த வருடம் நான் எட்டாம் ஆண்டு, மாமாவும் இருந்தார். அந்த வருடக் கடைசியில் கடல் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பாக்கைப் பற்றிக் கதைக்க யாருக்கு நேரம் இருந்தது?

சரி, படிவத்துக்கு வருகிறேன். இதை நான் இரண்டு தரம் நிரப்பியிருக்கிறேன். முதல் தரம் அமெரிக்காவில், என் முதல் போஸ்ட்டொக் ஆய்வுகூடத்தில். பெயர் வேண்டாம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. 2014 ஒக்டோபரிலிருந்து, என்.ஐ.எச். எனப்படும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களிடம் பணம் வாங்குகிற ஆய்வுகூடங்கள், தங்களிடம் பழகுகிறவர்களுக்குத் தனியாள் வளர்ச்சித் திட்டம் (மைஐடிபியில் வருகிற ஐடிபி இதுதான்) போடப்படுகிறதா என்று வருடாந்த அறிக்கையில் சொல்லவேண்டும். திட்டத்தை இணைத்து அனுப்பத் தேவையில்லை, பாவிக்கிறோம் என்று எழுதினால் சரி. ஆகவே எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். சென்ட்ரிஃபியூஜ் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் முப்பத்தைந்து நிமிடத்தில் நிரப்பினேன். எங்கள் பெரியவர், அதாவது ஆய்வுகூடத் தலைவர், இன்கியுபேட்டருக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்த்தார், மேலிருந்து கீழே விரலால் ஒரு தள்ளு. "நல்லது, இப்படியே செய்" என்றார். மூன்று வருடத்தில் என் எதிர்காலத்தைப் பற்றி நாங்கள் கதைத்தது அந்த நாலு நிமிடம்தான். கெட்ட மனிதர் இல்லை. நேற்றைய ஜெல் எப்படி என்று தினமும் கேட்பார். நாளைக்கு நீ எங்கே என்று மட்டும் கேட்கமாட்டார்.

இரண்டாம் தரம் போன ஜூலையில், உப்புவெளியில், எங்கள் வீட்டு விறாந்தையில். முதல் ஆய்வுகூடத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறேன். விசா முத்திரைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டு, கடவுச்சீட்டு திரும்பி வரும்வரை ஊரில் இருந்தேன். கச்சான் காற்று அடிக்கிற மாதம். முற்றத்து மண் முழுவதும் மடிக்கணினி விசைகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பகலில் வெக்கை, இரவில் கடற்கரை ஹோட்டல்களிலிருந்து பாட்டு. செய்வதற்கு வேறு வேலையில்லாததால் பழைய கணக்கைத் திறந்தேன். நான் முன்பு போட்ட புள்ளிகள் எல்லாம் அப்படியே இருந்தன. பார்க்க வெட்கமாக இருந்தது.

படிவம் தொடங்குவது திறமைகளில். விஞ்ஞான அறிவு, ஆய்வுத் திறன், எழுத்து, பேச்சு, ஆட்களை நடத்துவது, ஆராய்ச்சி ஒழுக்கம் என்று நீண்ட பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை நாமே புள்ளி போடவேண்டும். இதுதான் கருவியின் பெரிய ஓட்டை. அப்பாதான் அதைப் பிடித்தார். அப்பா முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவர். திருகோணமலையில் வங்கிக்குப் போனால் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இதை ஆர் திருத்திறது?"

"நான்தான் அப்பா."

"அப்ப எல்லாருக்கும் நூறுதான்."

"இல்லை அப்பா, இஞ்ச பாருங்கோ, ரெண்டும் போட்டிருக்கிறன்."

"அதுவும் பிழையாத்தான் இருக்கும்."

அடுத்த நாள் காலையில் என்.சி. வீதியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் பட்டியலை அச்சடித்துக்கொண்டு வந்தார். சிவப்புப் பேனை எங்கிருந்து கிடைத்ததோ தெரியாது, ஓய்வுபெற்று ஒன்பது வருடம். வரி வரியாகக் கேட்டார்: இதற்கு என்ன சாட்சி? "முரண்பாடுகளைக் கையாளுதல்" என்பதற்கு நாலு போட்டிருந்தேன். அப்பா குசினிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் அது இரண்டாகிவிட்டது.

"பரிசோதனைகளை வடிவமைத்தல்" என்பதற்கு இரண்டு போட்டிருந்தேன். ஏன் என்றார். முதல் ஆய்வுகூடத்தில் நடந்ததைச் சொன்னேன். நாக்குப் புற்றுநோயிலிருந்து வந்த ஒரு கலவரிசையில், அதாவது ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கிற கலங்களில், மருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவுகள் ஒரு கிழமை ஒருமாதிரி, மறு கிழமை வேறுமாதிரி. கை சரியில்லை என்றார்கள். எனக்கு என்னவோ கலங்களில்தான் சந்தேகம். மைக்கோபிளாஸ்மா என்று ஒரு பக்டீரியா இருக்கிறது. அதற்குக் கலச்சுவர் கிடையாது, அதனால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது, கலங்கள் வளர்கிற திரவமும் கலங்காது. கலங்களோடு இருந்து சாப்பிட்டுக்கொண்டு அவற்றின் நடத்தையை மட்டும் மாற்றிவிடும். சோதித்துப் பார்த்தேன், இருந்தது. உறைகுளிரில் வைத்திருந்த கையிருப்பிலும் இருந்தது. எல்லாவற்றையும் கொட்டி, புதிய கலம் எடுத்து, அது உண்மையிலேயே அதே கலவரிசைதானா என்று டி.என்.ஏ. அடையாளமும் பார்த்து, திரும்பவும் தொடக்கத்திலிருந்து வந்தேன். மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தைத் தோல்வி என்றே எழுதி வைத்திருந்தேன்.

"உன்ர பெரியவர் சொன்னவரோ அதைச் சோதிக்கச் சொல்லி?"

"இல்லை. நானாத்தான்."

அப்பா இரண்டை வெட்டிவிட்டு நாலு போட்டார். மைக்கோபிளாஸ்மா என்ற சொல்லை அவர் வாழ்நாளில் அன்றுதான் கேட்டிருப்பார். ஆனால் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்பது அவருக்குத் தெரியும்.

அன்று பின்னேரம்வரை அந்தப் பட்டியல்தான். பிளேன்டீ மூன்று தரம் வந்தது. முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்த அதே படிவம்.

அடுத்த பகுதிகளைக் கெதியாகச் சொல்லிவிடலாம். எந்த வேலையை எவ்வளவு அடிக்கடி செய்ய விருப்பம் என்று கேட்கிறது, வாழ்க்கையில் எது முக்கியம் என்று கேட்கிறது. சம்பளமும் அதில் ஒன்று. 2024 இல் என்.ஐ.எச். பயிற்சி உதவித்தொகையில் புதிதாகச் சேர்கிற போஸ்ட்டொக்குக்கு வருடம் 61,008 டொலர். இதை யாராவது சொந்தக்காரரிடம் வாய்தவறிச் சொன்னால் உடனே முந்நூறால் பெருக்கிப் பார்ப்பார்கள். வாடகையை யாரும் பெருக்குவதில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு கருவி இருபது தொழில்பாதைகளோடு நம்மைப் பொருத்திப் பார்க்கிறது. திறமை இத்தனை வீதம், ஆர்வம் இத்தனை வீதம் என்று சாதகப் பொருத்தம் மாதிரி வரும். எனக்கு முதலாவதாக வந்தது பொதுச் சுகாதாரம். இரண்டாவது, விஞ்ஞானிகள் அல்லாதவர்களுக்கு விஞ்ஞானம் சொல்வது. ஆய்வுகூடத் தலைவி ஏழாவது இடம். ஒன்பது வருடமாக ஓடியது அந்த ஏழாவது இடத்துக்காக. கோபம் வந்து மடிக்கணினியை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது, அது பொய் சொல்லவில்லை என்று. மருந்துக்குக் கலம் சாவதைப் பார்ப்பதைவிட, மாமா மாதிரி ஒருவர் கன்னத்துப் புண்ணோடு ஒரு வருடம் ஏன் வீட்டில் இருந்தார் என்பதுதான் என் தலைக்குள் ஓடுகிறது. அதை அந்தக் கேள்விகள் எப்படியோ பிடித்திருக்கின்றன. இதற்காக அரைப் புள்ளி கூடுதலாகவே கொடுக்கலாம்.

ஆனால் அந்த இருபதும் அமெரிக்கப் பாதைகள். ஒவ்வொரு பாதைக்கும் வாசிக்கக் கட்டுரைகள் தருகிறது, அந்தத் துறையில் இருக்கிற ஒருவரைப் பிடித்துக் கதை என்கிறது. நல்ல ஆலோசனை. ஊருக்குத் திரும்புவது என்று ஒரு பாதை அதில் இல்லை. திரும்பவேண்டும் என்று நான் தீர்மானித்துவிட்டேன் என்றில்லை, பெட்டியே இல்லாதது உறுத்துகிறது.

குறிக்கோள் எழுதுகிற பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. அளக்கக்கூடியதாக, திகதியோடு எழுது என்கிறது. மின்னஞ்சலில் ஞாபகமூட்டும். எழுதி முடிக்கவேண்டிய கட்டுரைக்கு அது சரி. மைக்கோபிளாஸ்மாவிடம் திகதி கேட்க முடியாதே.

இந்தக் கருவியில் நான் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வது ஒரே ஒரு பகுதியை, வழிகாட்டிகள் குழுவை. ஒருவர் அல்ல, பலர் வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. எந்தக் குறிக்கோளுக்கு யார், அவரிடம் என்ன கேட்கப்போகிறாய் என்று எழுதச் சொல்கிறது. எங்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம். குரு என்றால் ஒருவர், அவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பது, அப்படித்தான் வளர்ந்தோம். நானும் மூன்று வருடம் அப்படித்தான் காத்திருந்தேன்.

நாலு பேரை எழுதினேன். புதிய ஆய்வுகூடத்தின் பெரியவர், அவர் ஒரு பெண்: விஞ்ஞானத்துக்கு. பழைய கட்டடத்தில் இரண்டு மாடி மேலே வேலை செய்த ஒரு சீனியர்: பண விண்ணப்பம் எழுதுவதற்கு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்பித்த ஒரு மேடம்: ஊர் நிலவரத்துக்கு. நாலாவது, எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியர் ஐயா. அவர் இன்னும் கிழமையில் ஒரு நாள் மீன்காரர்களைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லி, வெள்ளைப் படலம் இருக்கிறதா, வாய் எவ்வளவு திறபடுகிறது என்று பார்க்கிறவர். பாக்குப் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் திறபடாமல் போகும், அது புற்றுநோய்க்கு முந்திய படி. "மூன்று விரல் உள்ளே போகவேணும் பிள்ளை" என்று தன் விரலைக் காட்டினார். அவரிடம் என்ன கேட்கப்போகிறாய் என்ற பெட்டியில், மாதம் ஒரு நோயாளியின் கதை என்று எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது விசித்திரமாக இருந்தது. அழிக்கவில்லை.

இனிக் குறைந்த ஒன்றரைப் புள்ளி.

முதலாவது, பணமும் விசாவும். அமெரிக்காவில் போஸ்ட்டொக் பயிற்சிக்கு என்.ஐ.எச். கொடுக்கிற எஃப்32 உதவி குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கு மட்டும். எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்திருக்கிற பெரிய கதவு, அதே என்.ஐ.எச். கொடுக்கிற கே99/ஆர்00 என்கிற உதவி. போஸ்ட்டொக்காக இருக்கும்போது இரண்டு வருடம்வரை, பிறகு சொந்த ஆய்வுகூடம் தொடங்கியதும் மூன்று வருடம்வரை கொடுக்கும். ஆனால் விண்ணப்பிக்கும்போது போஸ்ட்டொக் அனுபவம் நாலு வருடத்தைத் தாண்டியிருக்கக்கூடாது. டேமன் ரன்யன் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவியும் வெளிநாட்டவருக்குக் கிடைக்கும், அமெரிக்க ஆய்வுகூடத்தில் வேலை செய்வதானால். அதற்கு ஆய்வுகூடத்தில் சேர்ந்த ஆரம்பத்திலேயே விண்ணப்பிக்கவேண்டும். நான் அதைக் கேள்விப்பட்டது இரண்டாம் வருடக் கடைசியில், மின்தூக்கியில், தற்செயலாக. நான் இருக்கிற ஜே-1 விசாவில் ஆய்வாளருக்கு ஐந்து வருடம்தான் எல்லை. இந்த மணிக்கூடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நீ எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, எத்தனையாவது வருடம் என்று அந்தப் படிவம் முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தால் நான் ஒரு வருடத்தைத் தொலைத்திருக்கமாட்டேன். ஒரு புள்ளி அங்கே போனது.

மிச்ச அரைப்புள்ளி: போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அது கேட்பதில்லை. போஸ்ட்டொக்குக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. ஆய்வுகூடம் அவர்களுடையது, பணம் அவர்களுடையது, கலங்கள் உறைகுளிர்ப்பெட்டியில் அவர்கள் பெயரில் கிடக்கின்றன. மூன்று வருடம் நான் வளர்த்த கேள்வியை, நான் கிளம்புகிற கிழமை, புதிதாக வந்த பையனிடம் கொடுத்துவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, நான் முன்கூட்டிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2006 இல் வெளியிட்டது. போஸ்ட்டொக்கும் வழிகாட்டியும் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். மைஐடிபியோடு அதையும் எடுத்து வாசியுங்கள், அதுவும் இலவசம்.

இலவசம் என்பதால்தான் இன்னொன்றும் சொல்லவேண்டும். இடையில் ஒரு கட்டணச் சேவைக்கும் பணம் கட்டினேன். விஞ்ஞானிகளுக்குத் தொழில் வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொள்கிற ஓர் இணையச் சேவை, மூன்று அமர்வு, முந்நூறு டொலர். முதல் அமர்வில் என் பெயரைப் பிழையாகச் சொன்னார், பரவாயில்லை. இரண்டாவதில் உங்கள் கனவு வேலையைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள் என்றார். மூன்றாவதில் எனக்கு அனுப்பிய மாதிரி விண்ணப்பக் கடிதத்தில் வேறு யாரோ ஒருவருடைய மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி இருந்தது. அந்தக் காசுக்கு அம்மாவின் குசினிக் கூரையை மாற்றியிருக்கலாம்.

ஓகஸ்ட் முதல் கிழமை புதிய பெரியவரோடு சூமில் கதைத்தேன். அங்கே காலை, இங்கே இரவு ஏழரை. விறாந்தையில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் கிணற்றடிக்குப் போய் நின்றேன். அப்பா திருத்திய பட்டியலைக் கையில் வைத்திருந்தேன். அதன் பின்பக்கத்தில் மூன்று கேள்வி எழுதியிருந்தேன். இரண்டு சுலபமாகப் போனது. மூன்றாவது: இந்தத் திட்டத்தில் எந்தப் பகுதி என்னோடு வரும்?

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொடர்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. இப்போது பதில் சொல்லத் தெரியவில்லை, நீ வந்து ஆறு மாதம் வேலை செய்த பிறகு கதைப்போம் என்றார். நியாயமான பதில்தான். சரி என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். விறாந்தைப் படியில் இருந்து அப்பா விரலால் எண்ணிக்கொண்டிருந்தார், ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு. செப்டெம்பரில் சேர்ந்தால் ஆறு மாதம் மார்ச். கே99க்குப் புதிய விண்ணப்பங்களின் கடைசித் திகதி பெப்ரவரி 12, ஜூன் 12, ஒக்டோபர் 12. எனக்கு நாலு வருடம் ஓகஸ்டில் முடிகிறது. ஆகவே எனக்குக் கடைசி ஜூன் 12. மார்ச்சில் பதில் கிடைத்தால் எழுதுவதற்கு மூன்று மாதம் அளவில்தான் இருக்கும். இதைச் சொல்லி, ஜனவரி நடுவில் கதைக்கலாமா என்று கேட்டேன். ஜனவரி 15 என்றார், நீயே ஒரு பக்கத்தில் உன் விருப்பத்தை எழுதி அதற்கு முன் அனுப்பு என்றார்.

உள்ளே வந்ததும் அப்பா கேட்டார்.

"திகதி சொன்னவவோ?"

"ஜனவரி பதினைஞ்சு."

"வாயாலயோ, எழுத்திலயோ?"

வாயால்தான். அப்படியே திரும்பிக் கிணற்றடிக்குப் போய், நாம் பேசியபடி என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வர இரவு பதினொன்றரை ஆனது. அதுவரை அப்பா படுக்கவில்லை.